குடும்பத்தோடு ஒதுக்குப்புற அருவிக்கு ஒரு சிறு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தால் எட்டிவிடலாம், கூட்டமும் அதிகம் இருக்காது. அப்படிப்பட்ட அருவிக்குக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய பயணங்களில் பாதை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. விபத்துகள் நடப்பது அருவியின் காலடியிலும் தலைமாட்டிலும்தான். வழி சுலபமாக இருந்ததை வைத்துத் தண்ணீரையும் சுலபமாக எடைபோட்டுவிடக் கூடாது.

குழந்தைகளோடு போக எவ்வளவு தூரம் சரியாக இருக்கும்?

போக வர மொத்தம் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். மலையுச்சிக்குப் போகும்போது ஏற்றம் முதலில் வரும், களைத்த நேரத்தில் இறங்கி வரலாம். அருவிக்குப் போகும் வழி பல இடங்களில் இதற்கு நேர்மாறாக இருக்கும். அருவி பள்ளத்தாக்கில் விழுகிறது. ஆகவே காலையில் உற்சாகத்தோடு இறங்குவோம். தண்ணீரில் ஆடிக் களைத்து, ஈரத் துணியோடு, தூக்கம் சொக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். போகும் வழி இறக்கமாக இருந்தால், திரும்பும் நடையைத்தான் உண்மையான நடையாகக் கணக்கில் கொள்ளுங்கள். மொத்த ஏற்றம் 100 முதல் 150 மீட்டருக்குள் இருந்தால் சிறு பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நான்கு கிலோமீட்டர் தூரமும் 120 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 48 நிமிடமும் 12 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் இது திடமான பெரியவர்கள் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. சின்னஞ்சிறுசுகள் உடன் வந்தால் இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள். அருவியில் ஆற அமர இருக்க ஒரு மணி நேரம் சேர்த்தால் மூன்று மணி நேரம் ஆகும்.

காலையிலேயே கிளம்புவதுதான் நல்லது. பள்ளத்தாக்கின் அடியில், மரங்களுக்குக் கீழே, சூரியன் மறைவதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். வானம் தெரியும் இடத்தில் ஒரு எளிய வழி உண்டு. கையை முழுவதும் நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விரலுக்கு ஏறக்குறைய 15 நிமிடம் வெளிச்சம் மிச்சம். சூரியனை உற்றுப் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டே அளக்க வேண்டும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால் அருவியை எட்டாவிட்டாலும் திரும்புங்கள்.

எந்த வயதுக் குழந்தையை அழைத்துப் போகலாம்?

தலை நின்று, துணையின்றி உட்காரத் தெரிந்த குழந்தையை முதுகில் சுமக்கும் இருக்கையில் வைத்து அழைத்துப் போகலாம். சுமப்பவர் நடப்பதால் அவருக்கு வியர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். கை, கால் விரல்களை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். தூங்கும் குழந்தையின் கழுத்து சாய்ந்து மூச்சுக்கு இடைஞ்சல் ஆகாமல் பின்னால் வருபவர் கவனிக்க வேண்டும். தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். தாழ்ந்த கிளை ஒன்று போதும், அல்லது ஒரு சறுக்கல்.

இரண்டு முதல் நான்கு வயதுதான் கடினமான பருவம். நடப்பேன் என்று அடம்பிடிப்பார்கள், பத்து நிமிடத்தில் தூக்கு என்பார்கள். இவர்களுக்காக இன்னும் சிறிய பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே நடப்பார்கள். அவர்கள் முன்னால் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

முழங்கால் வலி உள்ள தாத்தா, பாட்டி வரலாமா?

வரலாம், வர வேண்டும் என்றும் சொல்வேன். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பாடுபடுத்தும். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்காலில் விழும் சுமை குறையும். இறங்கும்போது அதைச் சற்று நீளமாக்கிக்கொள்ளலாம். வழியில் நல்ல நிழலும் உட்காரக் கல்லும் உள்ள ஓர் இடத்தை முன்பே பார்த்து வைத்து, முடியாவிட்டால் அங்கேயே ஒருவர் துணையோடு இருந்துவிடலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். ‘என்னால் எல்லோருக்கும் தாமதம்’ என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் வராமல் நடப்பது மற்றவர்கள் பொறுப்பு. இதய நோயும் மூச்சுத் தொல்லையும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

எந்தக் காலத்தில் போவது சிறந்தது?

பெருமழை ஓய்ந்து சில வாரங்கள் கழித்து. அருவியில் நீர் குறைந்திருக்காது, பாதையும் ஓரளவு காய்ந்திருக்கும். கொட்டும் மழைக்காலத்தில் அருவி கண்கொள்ளாக் காட்சிதான். குடும்பத்தோடு அதன் அருகில் போக ஏற்ற காலம் அதுவல்ல. கடுங்கோடையில் பாறையில் ஈரக் கோடு மட்டுமே மிஞ்சும் அருவிகளும் உண்டு. பனி உருகி நீர் வரும் மலைகளில் ஓடைகள் பிற்பகலில் பெருகும். காலையில் கணுக்கால் அளவில் கடந்த இடம் மாலையில் முழங்காலைத் தொடலாம்.

கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று அந்த இடத்தை நிர்வகிப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தால் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். காவல் இல்லை என்பதற்காகத் தடுப்பைத் தாண்டுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வானம் தெளிவாக இருக்கிறது. பிறகு ஏன் திடீர் வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டும்?

அருவியில் விழும் நீர் உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்திலிருந்து வருவதில்லை. பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில் பெய்த மழை ஓடைகளில் கூடி அங்கே வந்து சேர்கிறது. நீங்கள் வெயிலில் நின்றுகொண்டிருக்கும்போதே அது வந்துவிடலாம். ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்க்கும்போது நீங்கள் இருக்கும் ஊருக்கு மட்டும் பார்க்காமல், ஆறு பிறந்து வரும் மலைப்பகுதிக்கும் பாருங்கள்.

அறிகுறிகள் சில உண்டு. தெளிந்த நீர் கலங்கிப் பழுப்பாக மாறும். சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரும். இரைச்சல் கனத்து, அடித்தொண்டை உறுமலாகக் கேட்கும். சற்று முன் காய்ந்திருந்த கல்லின் விளிம்பில் நீர் ஏறியிருக்கும். போய்ச் சேர்ந்ததுமே நீர்மட்டத்தில் இருக்கும் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; அந்தக் கல் மறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடமே ஒப்படைக்கலாம்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையையும் செருப்பையும் தேடாமல் கரையேறுங்கள். ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த மனிதரைத் தள்ளிவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் உயரமான இடத்தில் காத்திருங்கள். மழை நின்றால் சிறு ஓடைகள் பெரும்பாலும் வந்த வேகத்திலேயே வடியும்.

அருவியின் கீழே குளிக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அருவி விழுந்து விழுந்து குடைந்த இடத்தில் மடு இருக்கும். வெளியே தெரியும் அகலத்தை வைத்து அதன் ஆழத்தைச் சொல்ல முடியாது. விழும் நீர் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு உள்ளே போவதால் அங்கே தண்ணீர் வெண்மையாக நுரைத்திருக்கும். அந்த நீரில் பாதி காற்று. அதில் உடல் வழக்கம்போல் மிதக்காது. கையை வீசினாலும் பிடிமானம் கிடைக்காது. மேலிருந்து விழுவது அடிக்குப் போய், சுழன்று மீண்டும் அருவியை நோக்கியே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது இதனால்தான். தவிர, நீரோடு கல்லும் கட்டையும் விழலாம். தலைக்கு மேல் எதுவும் வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

குளிரையும் மறக்கக் கூடாது. காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை உறிஞ்சும். சில்லென்ற நீரில் சட்டென்று குதித்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தானாகவே வாரி இழுக்கும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. உயரத்திலிருந்து குதிப்பது எந்த வயதினருக்கும் வேண்டாம். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தை இந்த வருட வெள்ளம் கல்லால் நிரப்பியிருக்கும்.

அப்படியானால் எங்கே நனைவது? அருவியை விட்டு ஓடையின் போக்கில் கீழே வாருங்கள். நீர் தெளிந்து, அடி தெரிந்து, ஒரு சருகைப் போட்டால் மெதுவாக நகரும் இடம் இருக்கும். குழந்தைக்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர் ஒருவர் கரையில் இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே, கை எட்டும் தூரத்தில், போனைப் பையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு அருவி இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் அருவியடியில் இருப்பதைவிட அதிக நேரம் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

அருவியின் மேலே ஏறிப் பார்க்கலாமா?

கூடாது. கம்பி வேலி கட்டிய பார்வை மேடை இருந்தால் அங்கிருந்து பாருங்கள். வேலி இல்லாத விளிம்புக்கு அருகில் ஓடையில் கால் நனைப்பது, படம் எடுக்கப் பின்னோக்கி நகர்வது இரண்டுமே உயிருக்கு உலை வைக்கும் காரியங்கள். அங்கே ஒரு சறுக்கலுக்குப் பிறகு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

என்ன காலணி சரி? வழுக்காமல் நடப்பது எப்படி?

அடிப்பாகம் ரப்பராக, ஆழமான பள்ளங்களோடு, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் காலணி எதுவானாலும் சரி. விலை உயர்ந்த மலையேற்ற ஷூ தேவையில்லை. பழகாத புது ஷூ, வழுவழுப்பான அடி கொண்டது, ரப்பர் செருப்பு ஆகிய மூன்றும் வேண்டாம்.

தூவானம் படும் பாறையில் பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு எல்லோரும் பயப்படுவார்கள். ஏமாற்றுவது கறுப்பாகப் பளபளக்கும் கல். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் அதன்மேல் படிந்திருக்கும். பட்டையுரிந்த ஈர வேர்களும் அப்படியே. ஓடையைக் கடக்கும்போது கல்லுக்குக் கல் தாவுவதைவிட, நனைந்தாலும் பரவாயில்லை என்று சரளையில் கால் பதித்து நடப்பதே பத்திரம். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இருவரும் சேர்ந்து விழுவீர்கள். ஒருவர் முன்னால் கடந்து நின்று, இன்னொருவர் பின்னால் நின்று, இடையில் பிள்ளை நடக்கட்டும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர் ஒருவருக்கு அரை லிட்டர் தண்ணீர். வெயில் கடுமையானால் அதற்கு மேல். கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய உணவு, நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. நனையாத உறையில் ஒவ்வொருவருக்கும் மாற்றுத் துணி, முக்கியமாக மாற்றுக் காலுறை. லேசான மழை அங்கி. பகல் பயணமானாலும் டார்ச். முதலுதவிப் பொருட்கள், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள். குப்பை போட ஒரு பை. ஆளுக்கொரு விசில், குழந்தைக்கு அது கழுத்தில் மாட்டாமல் சட்டையில் குத்தியிருக்க வேண்டும்.

சிக்னல் இருக்காதாமே?

ஒதுக்குப்புறம் என்றாலே அப்படித்தான். போன் இருப்பிடத்தைக் காட்டச் செயற்கைக்கோள் போதும், சிக்னல் தேவையில்லை. வரைபடம் மட்டும் முன்கூட்டியே பதிவிறக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். சிக்னல் தேடித் தேடி பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால் விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்குப் பிறகு யாரை அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அருவி இரைச்சலில் கூப்பிட்டால் காதில் விழாது. ‘எங்களைக் காணவில்லை என்றால் அங்கேயே நில், ஒரு மரத்தைப் பிடித்துக்கொள், விசிலை மூன்று முறை ஊது’ என்று பிள்ளைகளிடம் கிளம்பும்போதே சொல்லுங்கள், ஊதிக் காட்டச் சொல்லுங்கள்.

அட்டை, உண்ணி, பாம்பு?

அட்டை கடித்தால் உப்பும் நெருப்பும் வைக்க வேண்டாம். அது வயிற்றில் உள்ளதைக் காயத்தில் கக்கிவிடக்கூடும். மெலிந்த முனையில் உள்ள வாய்க்கும் தோலுக்கும் நடுவே நகத்தை நுழைத்துத் தள்ளுங்கள். இரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும். துடைத்து அழுத்திக் கட்டினால் போதும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். முழங்காலுக்கு மேலும் கீழும் மூடிய உடை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, இவை இரண்டுமே பாதித் தொல்லையைத் தவிர்க்கும்.

பாம்பைக் கண்டால் நின்று, பின்வாங்கி, அது போக வழி விடுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடிபட்டவரை முடிந்தவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டே மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள்.

தெளிவாக ஓடும் நீரைக் குடிக்கலாமா?

கொதிக்க வைக்காமல் வேண்டாம். கண்ணாடி போன்ற நீரிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஜியார்டியா இருக்கலாம். தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் மூன்று நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும். சிறு நடைதானே, தண்ணீரைச் சுமந்து போவதே எளிது.

பாதி வழியில் பிள்ளைகள் சலித்துக்கொண்டால்?

பெரும்பாலும் நாம் அவசரப்படுத்துவதால்தான் சலிக்கிறார்கள். அருவியே இலக்கு என்று நடக்காமல், வழியும் பயணம்தான் என்று விட்டுப் பாருங்கள். ஓடையின் அமைதியான ஓரத்தில் ஒரு கல்லை மெல்லப் புரட்டினால் அடியில் மணல்துகளும் இலைத்துணுக்கும் ஒட்டிக் கட்டிய சின்னஞ்சிறு குழல்கள் இருக்கக்கூடும். கேடிஸ் பூச்சியின் புழு தன் எச்சிலில் சுரக்கும் பட்டு இழையைக் கொண்டு ஒட்டிக் கட்டிய வீடு அது. சற்று நேரம் அசையாமல் பார்த்தால் குழலின் முனையிலிருந்து ஆறு கால்கள் எட்டிப் பார்த்து, வீட்டையே இழுத்துக்கொண்டு நகரும். இதைப் பார்த்த பிள்ளை அடுத்த கல்லைப் புரட்ட ஓடும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

அருவியில் வானவில்லைத் தேடச் சொல்லலாம். முதுகில் வெயில் விழும்படி நின்று, தங்கள் தலையின் நிழலிலிருந்து 42 பாகை கோணத்தில் தூவானத்தைப் பார்த்தால் தெரியும். அந்தச் செங்குத்துப் பாறை எப்படி வந்தது என்று கேட்டால், மேலே கடினப் பாறை, கீழே மென்பாறை, கீழே உள்ளது அரிக்கப்பட மேலே உள்ளது உடைந்து விழுகிறது என்று காட்டுங்கள். இப்படித்தான் நயாகரா சுமார் 12,000 ஆண்டுகளில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது.

இடி இடித்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து. தண்ணீரை விட்டு வெளியேறி, தனி மரத்தடியில் ஒதுங்காமல், பாதுகாப்பான கட்டடத்தையோ மூடிய வாகனத்தையோ நோக்கிப் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம்.

இந்த இடத்தின் அழகைக் கெடுக்காமல் வருவது எப்படி?

கொண்டு போனதெல்லாம் திரும்ப வரட்டும், பழத்தோலும் ஈரத் துடைப்பான்களும் உட்பட. சோப்பும் ஷாம்புவும், எளிதில் மட்கும் என்று எழுதியிருந்தாலும், ஓடையில் கூடாது. பூச்சி விரட்டி பூசிய உடலோடு தண்ணீரில் இறங்குவதற்கு முன் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய சிறு குட்டைகளில்தான் தலைப்பிரட்டைகள் வளர்கின்றன. இயற்கை உபாதைக்கு நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மூட வேண்டும். ஓடைக் கற்களை அடுக்கிக் கோபுரம் கட்டுவது அடியில் வாழும் உயிர்களின் கூரையைப் பிடுங்குவதுதான். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

படத்தை எல்லோருக்கும் காட்டுங்கள். ஆனால் ஒற்றையடிப் பாதையும் சிறு மடுவும் மட்டுமே கொண்ட இடத்தின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேட்பவருக்கு நேரில் சொல்லுங்கள். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

யாராவது நீரில் இழுக்கப்பட்டால்?

பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் மூழ்குவது இத்தகைய இடங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கொம்பு, கயிறு, முடிச்சிட்ட துணி எதையாவது நீட்டுங்கள். மூடிய காலித் தண்ணீர்க் குப்பியை வீசினாலும் பிடித்து மிதக்க உதவும். இழுக்கப்படுபவர் எழுந்து நிற்க முயன்றால் கல்லிடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரைப்பக்கம் ஒதுங்கி வர வேண்டும். இதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு?

அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். காலணியில் ஒட்டிய சேற்றைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்கு ஈரச் சேற்றோடு போய்ச் சேரக்கூடும். அடுத்த நான்கு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல், கடும் தசைவலி, கண்சிவப்பு வந்தால் ஓடை நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் யோசித்துப் பார்க்க அந்த ஒரு தகவல் போதும்.